தாரும் மண்ணும்: நாஞ்சில் நாட்டுச் சாலையில் சைக்கிளின் இடம்

நாகர்கோவிலிலிருந்து எந்தத் திசையில் சாலை பிரிந்தாலும் அதன் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். நடுவே தார். தாரின் இரு விளிம்பிலும் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியே ஒரு முழமோ இரண்டு முழமோ மண். அதற்கப்பால் ஓடை, இல்லையென்றால் வீட்டு மதில், அதுவும் இல்லையென்றால் வயல். சைக்கிளுக்கென்று தனித் தடம் பிரித்துக் கட்டும் வழக்கம் குமரி மாவட்டத்தில் வேரூன்றவில்லை. இருந்தாலும் அந்த மண்கீற்றுதான் சைக்கிளின் இடம் என்ற எண்ணம் பஸ், கார், பைக் ஓட்டுகிற எல்லோரிடமும் உண்டு. ‘ஓரமாப் போவும் ஓய்’ என்ற அதட்டலுக்குப் பொருள் அதுதான். சைக்கிள்காரர் அந்த அதட்டலுக்குப் பெரும்பாலும் மசிவதில்லை. தாரிலேயே போகிறார், சில இடங்களில் தாரின் நடுப்பக்கத்துக்கே வந்துவிடுகிறார். திமிர் என்றோ விவரமின்மை என்றோ இதைச் சொல்லி முடித்துவிடலாம். அந்தச் சாலை யாருக்காகப் போடப்பட்டது, எதையெல்லாம் சுமந்தது, அதன் ஓரம் என்ன ஆனது என்று பார்த்தால்தான் மற்றக் காரணங்கள் தெரியும்.

சக்கரம் பெருகும் முன்பு நாஞ்சில் நாட்டுப் பாதைகள் தலைச்சுமைக்காரர்களின் பாதைகள். கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும், பனைவிளைகளிலிருந்து கருப்பட்டியும், வயற்பகுதியிலிருந்து நெல்லும் தலையில் ஏறித்தான் சந்தைக்குப் போயின. அந்தக் காலத்துக்குச் சாட்சியாகச் சுமைதாங்கிக் கற்கள் இன்றும் சில இடங்களில் நிற்கின்றன. இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு பாளக் கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். ஆள் துணையில்லாமல் சுமையை இறக்கவும் மறுபடி தலைக்கு ஏற்றவும் தோதான உயரம் அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இக்கல்லை நடுவது தமிழகத்தின் பல பகுதிகளில் இருந்த வழக்கம். நடந்து போகிறவருக்கென்று வழியில் ஏதாவது செய்துவைப்பது புண்ணியமாகக் கருதப்பட்ட காலம் அது. பாதையின் அகலம் அன்று ஒரு பொருட்டே இல்லை. எதிரும் புதிருமாகச் சுமையோடு வரும் இரண்டு பேர் இடிக்காமல் விலகினால் போதும்.

ஆனால் யார் யாருக்காக விலக வேண்டும் என்பது அன்று சின்ன விஷயம் இல்லை. நாஞ்சில் நாடு அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் தீண்டாமைக்குத் தூரக்கணக்கு இருந்தது. இன்ன சாதியார் இன்ன சாதியாருக்கு இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதை வழக்கம் வகுத்திருந்தது. அந்தத் தூரத்தைக் காக்கப் பாதையை விட்டு இறங்கியவர்கள் எப்போதும் ஒரே பக்கத்தார்தான். வயலுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் இறங்கி நின்று, மற்றவர் கடந்து போன பிறகு அவர்கள் பாதையில் ஏறினார்கள். பொதுச்சாலைகள் எல்லா மக்களுக்கும் உரியவை என்று திருவிதாங்கூர் அரசு 1865-இல் அறிவித்தது. 1884-இல் அதையே மறுபடியும் உறுதி செய்தது. அந்த அறிவிப்புக்கு நீதிமன்ற விளக்கத்தில் ஒரு கட்டு விழுந்தது. சாலைகளை ராஜவீதி, கிராமவீதி என இரண்டாகப் பிரித்து, பொது என்ற சொல் ராஜவீதிக்கு மட்டுமே பொருந்தும் என்றார்கள். கோயிலைச் சுற்றிய தெருக்களும் ஊருக்குள் போகும் பாதைகளும் அப்படியே பழைய வழக்கத்தின் கையில் நின்றன.

இந்தப் பின்னணியில் 1893-இல் அய்யங்காளி செய்த காரியத்தின் கனம் புரியும். வெங்கானூரைச் சேர்ந்த புலையரான அவர் ஒரு வில்வண்டியை வாங்கி, புலையர் வண்டியேறக் கூடாது என்றிருந்த பொதுச்சாலையில் ஓட்டிப்போனார். நடந்து போகிறவர் நெருக்கடி வந்தால் ஒதுங்கிவிட முடியும். மாடு பூட்டிய வண்டி ஒதுங்காது. அது தடத்தின் நடுவில்தான் உருளும். எதிரே வருகிறவர்தான் வழிவிட வேண்டும். சாலையில் நடக்க உரிமை கேட்பதைக் காட்டிலும் சாலையில் வண்டியோட்ட உரிமை எடுத்துக்கொள்வது மேல்சாதியாருக்கு ஏன் அதிகம் உறுத்தியது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. வெங்கானூரை அடுத்த பாலராமபுரத்தின் வழியாகத்தான் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் பெருஞ்சாலை போகிறது.

நாஞ்சில் நாட்டுக்குள் இந்தச் சண்டை சுசீந்திரத்தில் நடந்தது. இதே உரிமைக்காக நடந்த வைக்கம் சத்தியாக்கிரகம் 1924 மார்ச் 30-இல் தொடங்கி அடுத்த ஆண்டு நவம்பரில் முடிந்தது. அது ஓய்ந்த கையோடு, 1926 ஜனவரியில் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை கேட்டுப் போராட்டம் எழுந்தது. நாகர்கோவில் மருத்துவர் எம்.இ. நாயுடு அதற்கு முன்னின்றார். 1936 நவம்பர் 12-இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த பிறகு தெருவைத் தடுப்பதற்கு முகாந்திரமே இல்லாமல் போயிற்று. எழுபது ஆண்டு இழுபறிக்குப் பிறகு ‘பொதுச்சாலை’ என்ற சொல் ஏட்டிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. சைக்கிள் பரவலானது ஏறத்தாழ இந்தக் கட்டத்தில்தான். தமிழகத்தின் வேறு பல ஊர்களில் தலித்துகள் ஊர்த்தெருவுக்குள் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்ற கட்டுப்பாடு சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது. இது கள ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. சைக்கிளில் இருப்பவரின் தலை திண்ணையில் இருப்பவரின் தலையைவிட உயரத்தில் இருக்கிறதே என்பதுதான் அங்கே பிரச்சினை. ‘இறங்கு’, ‘ஒதுங்கு’ என்ற சொற்களுக்கு இந்தப் பக்கத்தில் சாலை விதிக்கும் முந்திய ஒரு வரலாறு இருக்கிறது.

சாலையின் கட்டுமானக் கதை வேறு தடத்தில் ஓடியது. திவான் டி. மாதவராவ் காலத்தில், 1860-களில், திருவிதாங்கூரில் பொறியியல் துறை ஒழுங்குபெற்று, பெரிய சாலைகளும் பாலங்களும் வேகமாக எழும்பின. திருவனந்தபுரத்திலிருந்து குழித்துறை, தக்கலை, நாகர்கோவில் வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் போகும் சாலை அந்த நாட்டின் தெற்கு வாசல். நெல்லைச் சீமையோடு உள்ள வாணிபம் அந்த வாசலில் நுழைந்தது. சுமையைப் பங்குபோட வேறு வழி ஒன்றும் திட்டத்தில் இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகு ஓடும்படி அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயை 1860-இல் வெட்டத் தொடங்கினார்கள். அது முற்றுப்பெறவே இல்லை; வெட்டிய பகுதிகளும் பிற்காலத்தில் தூர்ந்தன. ரயிலோ 1979-இல்தான் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தது. ஆக, நூறு ஆண்டுகளுக்கு மேலாக நெல், தேங்காய், மீன், கருப்பட்டி, ரப்பர், பள்ளிப்பிள்ளைகள், கல்யாணக் கூட்டம் அத்தனையும் ஒரே சாலையின் தலையில். அந்தச் சாலையில் சைக்கிளுக்கென்று ஓர் இடத்தை யாரும் ஒதுக்கவில்லை. அன்று அப்படி ஒதுக்குவது யாருக்கும் தோன்றவும் இல்லை.

சைக்கிளுக்கு நல்ல தரை கிடைத்தது 1930-களில். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரையான சுமார் 87 கிலோமீட்டர் சாலைக்குத் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் சிமெண்ட் கான்கிரீட் போட்டார்கள். இந்தியாவில் அத்தனை நீளத்துக்குக் கான்கிரீட் கண்ட முன்னோடிச் சாலைகளில் அதுவும் ஒன்று. அதுவரை செம்மண்ணும் சரளும் சல்லியும் கலந்து கெட்டித்த பாதைகளில், மாட்டுவண்டி இழுத்த பள்ளங்களுக்கிடையே சைக்கிள் தடுமாறிக்கொண்டிருந்தது. சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குல அகலம். அதில் தரையைத் தொடும் பரப்பு இரண்டு கட்டைவிரல் அளவுக்குமேல் இராது. ஓட்டுபவர், சுமை, வண்டி எல்லாவற்றின் எடையும் அந்த இரண்டு இடங்களில்தான் இறங்குகிறது. கெட்டித்தரையில் அது வழுக்கிக்கொண்டு ஓடும்; புழுதியில் கத்தி மாதிரி இறங்கும். ‘சவிட்டிச் சவிட்டிக் கால் ஓய்ஞ்சு போச்சு’ என்று குமரிப் பேச்சில் சொல்வது பெரும்பாலும் மணலில் சவிட்டியதைத்தான்.

அதே தரையில் பஸ்ஸும் வந்தது. 1938 பிப்ரவரி 20-இல் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையைச் சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்தார். மறுநாளே திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே பஸ் ஓடத் தொடங்கியது. நல்ல தரை ஒன்று, அதற்கு உரிமை கொண்டாட வண்டிகள் இரண்டு. தார் யாருக்கு, மண் யாருக்கு என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

இந்தக் கேள்வியைக் கணக்காகப் போட்டால் விடை தெளிவாகத் தெரியும். இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி ஒற்றைத்தடச் சாலையின் தார் அகலம் 3.75 மீட்டர், இருதடச் சாலைக்கு 7 மீட்டர். நாஞ்சில் நாட்டின் உள்ளூர்ச் சாலைகளில் பெரும்பகுதி முதல் வகை. ஒரு பஸ்ஸின் உடல் அகலம் சுமார் 2.5 மீட்டர். 3.75-இலிருந்து அதைக் கழித்தால் 1.25 மீட்டர். சைக்கிளின் ஹேண்டில்பார் 60 சென்டிமீட்டர் அகலம். ஓடும் சைக்கிள் நேர்கோட்டில் போகாது. சமநிலைக்காக இடமும் வலமுமாகச் சிறிது ஆடும். ஆகவே அதற்கு ஒரு மீட்டர் வேண்டும். எஞ்சுவது இருபத்தைந்து சென்டிமீட்டர். பஸ் தாரின் மறு விளிம்பை ஒட்டியே போகும் என்று வைத்துக்கொண்டாலும் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் இடையே ஒரு சாண்தான். பள்ளத்தைக் கண்டு சைக்கிள் ஒரு சாண் ஒடித்தால் முடிந்தது கதை. பழகிய சைக்கிள்காரர் இத்தகைய சாலையில் ஓரத்தை ஒட்டாமல் இன்னும் ஒரு முழம் உள்ளே வந்துவிடுகிறார். பின்னால் வருகிறவருக்கு இது வீம்பாகத் தோன்றும். ஆனால் ஓரத்தை ஒட்டிப் போனால் பின்னால் வருபவர் இருக்கிற இடத்திலேயே நுழைத்து முந்தப் பார்ப்பார். உள்ளே வந்து நின்றால், இங்கே முந்த முடியாது என்பது அவருக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். எதிரே சாலை காலியானதும் சைக்கிள் தானாக இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடும். விபத்தைத் தவிர்க்கும் இந்த உபாயத்தை எந்தப் பள்ளியிலும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தொழில் சைக்கிள்காரர்கள் இதை ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்கள்.

ஓரம் என்பது எப்படிப்பட்ட இடம் என்பதையும் கிட்ட நின்று பார்க்க வேண்டும். சாலையைப் புதுப்பிக்கும்போது பழைய தாரைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதுத்தாரை ஊற்றுவது வழக்கம். மூன்று நான்கு தடவை இப்படி நடந்தால் தார் ஒரு சாண் உயர்ந்துவிடும், மண் பழைய மட்டத்திலேயே கிடக்கும். விளிம்பில் ஒரு படி உண்டாகும். படியிலிருந்து கீழே இறங்குவது சுலபம். மேலே ஏறுவதுதான் கண்டம். சாய்வாக ஏற முயன்றால் முன்சக்கரம் படியை உரசிக்கொண்டே ஓடும், ஏறாது. ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்ப, உடம்பு மறுபக்கம், அதாவது பஸ் வரும் பக்கம், சாயும். சைக்கிளில் விழுந்த கதைகளில் பாதி இந்தப் படியில் விழுந்த கதைகள்தான்.

மழை இந்தப் படியை ஆழமாக்குகிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் நனைக்கும் மாவட்டம் இது. ஜூனில் அரித்த ஓரத்தை நிரப்புவதற்குள் அக்டோபர் வந்துவிடும். அரித்த மண் தாரின் விளிம்பில் மணல்திட்டாகப் படியும். அதன்மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும். ஓரத்தில் போக முடியாததற்குக் குடியிருப்பின் வாகும் ஒரு காரணம். கிழக்கே நெல்லைச் சீமையில் ஊர் முடிந்தால் பொட்டல், பிறகு அடுத்த ஊர். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் ஊர் எங்கே முடிகிறது என்று சொல்வதே கடினம். விளைக்கு நடுவே வீடு, வீட்டுக்கு மதில், மதிலில் வாசல், வாசல் நேரே ரோட்டில். 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 1,100 பேர். தமிழகத்தில் சென்னைக்கு அடுத்தபடி நெருக்கம். சாலையோரம் எங்கும் யாரோ ஒருவரின் வாசற்படியாக இருக்கிறது. அங்கேதான் ஆட்டோ நிற்கும், கொத்துவேலைக்கு மணல் குவியும், மீன் விற்பார்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். வயற்பகுதியில் கன்னிப்பூ, கும்பப்பூ அறுப்பு முடிந்ததும் நெல் காய்வதும் வைக்கோல் உலர்வதும் அந்த ஓரத்திலேயே. இத்தனைக்கும் இடையில் புகுந்து புகுந்து வெளிவரும் சைக்கிளைவிட, நேராகத் தாரில் வரும் சைக்கிள்தான் மற்ற வண்டிக்காரரின் கண்ணுக்கு எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும். நின்றிருக்கும் காரின் கதவு திடீரெனத் திறந்தால் ஒரு மீட்டர் அளவுக்கு வெளியே நீளும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சாலையின் நடுவை விடாமல் பிடித்துக்கொண்ட சைக்கிள்களில் முதலிடம் மீன்காரர் சைக்கிளுக்கு. குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் ஆகிய கரைகளில் வள்ளம் அணைந்த சூட்டோடு சாளையும் நெத்திலியும் அயலையும் ஏலம் போகும். கடற்கரைப் பெண்கள் கடவத்தைத் தலையில் வைத்து அருகிலுள்ள ஊர்களுக்கு நடந்தார்கள். எட்டத்து ஊர்களைச் சைக்கிள் பிடித்தது. கம்பெனி கொடுத்த கேரியரைக் கழற்றிவிட்டு, பட்டறையில் கனத்த கம்பியில் வேறொன்று செய்து பூட்டுவார்கள். அதன்மேல் பெட்டி, பெட்டியை இறுக்குவது பழைய டியூபை நீளமாகக் கிழித்த வார். கயிறு நனைந்தால் தளரும், டியூப் தளராது. ஹேண்டில்பாரில் ரப்பர்ப் பந்து ஹார்ன். அதன் சத்தம் கேட்டால் வாசலில் சட்டியோடு ஆள் வந்து நிற்பார்கள், பின்னாலேயே பூனையும் வரும். குளச்சலிலிருந்து குலசேகரம் இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. போகப்போக நிலம் மேடேறும். மீன் காத்திருக்காது, ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பின்பாரம் கூடிய சைக்கிளின் முன்சக்கரம் எப்போதும் எழும்பப் பார்க்கும், மேட்டில் வேகம் குறையக் குறைய ஆட்டம் கூடும். ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி காலூன்றி ஏறுவது தனிவித்தை. இந்த வண்டியைப் பஸ் வரும்போதெல்லாம் மண்ணில் இறக்கு என்று சொல்வது பெட்டியைக் கவிழ்த்துவிடு என்று சொல்வதற்குச் சமம். மீன்காரர்கள் இறங்கவில்லை. பஸ்காரர்களுக்கும் காலப்போக்கில் அவர்களைத் தெரிந்துபோயிற்று.

ஏத்தங்குலையும் மட்டிக்குலையும் கட்டிச் சந்தைக்குப் போன சைக்கிள், ரப்பர் ஷீட்டை மடித்துப் போட்டு மார்த்தாண்டத்துக்கு வந்த சைக்கிள், தோவாளைக்குப் பூக்கூடையோடு விடியுமுன் கிளம்பிய சைக்கிள் எல்லாவற்றுக்கும் கதை ஒன்றுதான். சுமையில்லாத சைக்கிளுக்குத்தான் ஓரம் ஒரு தெரிவாக இருந்தது.

சட்டத்தின் கண்ணில் சைக்கிள் எப்போதும் வண்டிதான். தமிழக நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் நெடுங்காலம் சைக்கிளுக்கு ஆண்டு வரி வாங்கின. வரி கட்டியதற்கு அடையாளமாகக் கொடுக்கும் தகர வில்லையைச் சைக்கிளில் மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பிடிப்பார்கள். இரவில் விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் பிடித்தார்கள். டைனமோ தேய்ந்தவர் போலீஸ்காரரைக் கண்டதும் இறங்கி உருட்டிப்போவது அந்தக் காலத்துத் தந்திரம். உருட்டினால் அது வண்டி இல்லை, பொருள். வரியும் விளக்கும் தண்டமும் சாலையில் ஓடும் வண்டிக்கு விதிப்பவை. வண்டியென்று கணக்கு வாங்கிக்கொண்டு, சாலையில் இடமில்லை என்று சொல்ல முடியாது. 1989-இன் சாலை விதிமுறைகளும் கட்டுப்பாட்டை மோட்டார் வண்டியின் மேல்தான் வைத்தன. நடைபாதையோ, வேறு வகைப் போக்குவரத்துக்கென ஒதுக்கிய தடமோ இருந்தால் அதில் மோட்டார் வண்டியை ஓட்டக்கூடாது என்றது விதி.

இந்த வாதம் இங்கிலாந்தில் வெகுகாலம் முன்பே நடந்து முடிந்தது. சைக்கிளும் ஒரு வண்டியே என்று 1879-இல் அங்கே நீதிமன்றம் சொன்னது. 1888-இல் நாடாளுமன்றச் சட்டமும் அதை ஏற்றது. சைக்கிள்காரர்கள் அதைத் தங்கள் சாசனமாகவே பிடித்துக்கொண்டார்கள். லண்டனின் வெஸ்டர்ன் அவென்யூ சாலையில் 1934 டிசம்பரில் போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷா சைக்கிள் தடத்தைத் திறந்துவைத்தபோது, நாட்டின் பெரிய சைக்கிள் சங்கமே அதை எதிர்த்தது. இரண்டரை மைல் தடம். தனியாக எட்டரை அடி அகலம். இதில் எதிர்க்க என்ன இருக்கிறது என்று மோட்டார்காரர்கள் வியந்தார்கள். இன்று தடம் கொடுப்பார்கள், நாளை சாலையைப் பூட்டுவார்கள் என்பது சங்கத்தின் அச்சம். அது வெறும் கற்பனை இல்லை. அதே ஆண்டில் ஜெர்மனி தடமிருக்கும் இடத்தில் சைக்கிள் தடத்தில்தான் போகவேண்டும் என்று கட்டாயமாக்கியது. அந்தக் கட்டாயம் தளர 1990-களின் இறுதி வரை ஆயிற்று. நெதர்லாந்து வேறு வழியில் போனது. 1885-இலேயே உட்ரெக்ட் நகரின் மாலிபான் சாலையில் சைக்கிளுக்குத் தடம் விட்டவர்கள் அவர்கள். அங்கே தடம் அகலமாக, வழுவழுப்பாக, சந்திகளில் முன்னுரிமையோடு அமைந்ததால் சாலைக்கு வரவேண்டிய தேவையே குறைந்தது. தடத்தை விட்டுச் சாலைக்கு வருகிறார்களா இல்லையா என்பதைத் தடத்தின் தரம்தான் தீர்மானித்திருக்கிறது.

இந்தியாவும் இதை ஏட்டில் முன்கூட்டியே எழுதிவைத்தது. சைக்கிள் தடங்களுக்கென இந்தியச் சாலைப் பேரவை 1962-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நெரிசல் நேரத்தில் மணிக்கு 400 சைக்கிள், 100 முதல் 200 வரை மோட்டார் வண்டி போகும் சாலைக்குத் தனித் தடம் வேண்டும். மோட்டார் வண்டி 200-க்கு மேல் போனால் 100 சைக்கிளே போதும் என்றது அது. பள்ளி விடும் நேரத்தில் தமிழகத்தின் சிறு நகரங்கள் பலவற்றில் இந்த எண்ணிக்கை ஒருகாலத்தில் சாதாரணம். தடம் போட்ட இடங்களிலும் அது தடமாக நிலைக்கவில்லை. டெல்லியில் 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பஸ்களுக்குத் தனிவழி அமைத்தபோது கூடவே சைக்கிள் தடமும் போட்டார்கள்; மோட்டார் சைக்கிள்கள் அதில் புகுந்தன. 2016-இல் வழித்தடத்தையே கலைத்தார்கள். கொல்கத்தா போலீஸ் 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளையே தடைசெய்தது. இங்கிலாந்துச் சங்கத்தின் 1934 அச்சம் அங்கே தடமே போடாமல் பலித்தது.

குமரி மாவட்டத்தில் தடை எதுவும் வரவில்லை. சைக்கிள் கூட்டமே கரைந்தது. 1956 நவம்பர் 1-இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. பழைய கான்கிரீட் சாலை தேசிய நெடுஞ்சாலை 47-இன் பகுதியாகி, கான்கிரீட் மேல் தார் ஏறியது. பிறகு எண்ணும் மாறியது. 1980-இல் டிவிஎஸ் 50 வந்தது. மீன்பெட்டி அதன் பின்னால் ஏறிக்கொள்ளச் சில ஆண்டுகள் போதுமானதாக இருந்தன. மிதிக்காமலே குலசேகரம் மேடு ஏறும் வண்டியை யார்தான் வேண்டாம் என்பார்கள்? 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியரோடு தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் விரிந்த அரசின் விலையில்லா சைக்கிள்தான் சாலைக்கு மறுபடி ஒரு கூட்டத்தை அனுப்பியது. இந்தப் புதுக்கூட்டத்துக்கு மீன்காரரின் மிடுக்கு கிடையாது. பஸ் ஹார்ன் அடித்தால் படியை விட்டு மண்ணில் இறங்கிவிடுகிறது. மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் 2018-இன் இறுதியில் மேம்பாலங்கள் திறந்தபோது வேகமான வண்டிகள் மேலே போயின. சைக்கிள் கீழேயே, பஸ், ஆட்டோ, கடைக்கூட்டத்தோடு தங்கியது.

இவ்வளவுக்கும் நாஞ்சில் நாட்டில் சைக்கிள் தடம் ஒன்று இருக்கவே செய்தது. அதைச் சாலைத்துறை போடவில்லை, பாசனம் போட்டது. 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையிலிருந்தும் பழைய ஆற்றுக்கால்களிலிருந்தும் தண்ணீர் கொண்டுபோகும் அனந்தனாறு, தோவாளைச் சானல், நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு ஆகியவற்றின் கரைகள் அந்தத் தடம். நீர்க்கண்காணிப்புக்காக விட்ட வழி. அகலம் ஒரு வண்டிக்கு மேல் இல்லை. தண்ணீர் ஓடவேண்டும் என்பதால் கரையில் ஏற்ற இறக்கம் அநேகமாக இல்லை. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வயல், மேலே தென்னை நிழல். காரோ பஸ்ஸோ நுழைய வழியில்லை. குளிக்கப் போகிறவரும் வயலுக்குப் போகிறவரும் பள்ளிக்குப் போகிற பிள்ளையும் சானல்கரையில்தான் மிதித்தார்கள். குரங்குபெடல் போட்டுப் பழகிய தலைமுறைகளும் அங்கேதான் தண்ணீரில் விழுந்து எழுந்தன. கரை இருந்த ஊர்க்காரர் நெடுஞ்சாலைக்கு வரவேண்டியது சந்திக்குச் சந்தி கடக்க மட்டுமே. பிறகு பல கரைகளுக்குத் தார் போட்டார்கள். சிலவற்றின் ஓரத்தில் வீடுகள் எழும்பின. தார் விழுந்த கரையில் முதலில் மோட்டார் சைக்கிள் வந்தது, பின்னாலேயே கார் வந்தது. கரையின் அகலம் பழைய அகலமே. கார் எதிரே வரும்போது இப்போது சானல்கரையிலும் சைக்கிள் நடுவில்தான் போகிறது, ஏனென்றால் இடப்பக்கம் தண்ணீர்.